தோன்றல், திரிதல், கெடுதல்: குருதித் தட்டணுக்களின் வழி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் கட்டுரையும் மணக்கும் மேடையில் குருதியைப் பற்றியதோர் அறிவியல் உரை எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. குருதி தமிழ் இலக்கியத்திற்கு அயற்பொருள் அன்று. களத்தில் பட்ட விழுப்புண்ணைப் பெருமையாகக் கருதிய மரபு இது. புறநானூற்றின் 281ஆம் பாடலில், புண்பட்ட வீரனின் மனைக்கண் வேம்பின் தழை செருகி, வெண்சிறுகடுகைத் தூவி, காஞ்சிப்பண் பாடிக் காக்க அழைக்கின்றாள் ஒருத்தி. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல், மார்பின் பிளவைத் தைக்கும் நெடிய ஊசிக்கு, குளிர்ந்த குளத்தில் மூழ்கி மேலெழும் சிச்சிலிப் பறவையை உவமை காட்டுகின்றது. மருத்துவ நூலாரும் வியக்கத்தக்க உவமை இது.

எனினும் ஓர் இடைவெளி உண்டு. புண் பாடப்பட்டது, வடுவும் பாடப்பட்டது. புண்ணிலிருந்து வடு வரையிலான வழியில், பாயும் குருதியை முதலில் நிறுத்தியது எது என்பது பாடப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பாடாதது புலவர் குற்றம் ஆகாது. நுண்ணோக்கி அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன் பெயரோ இன்று திண்டுக்கல் நகரின் ஒவ்வொரு தெருவிலும் மழைக்காலந்தோறும் அச்சத்தோடு ஒலிக்கின்றது. ஆகவே, தட்டணு எங்கே பிறக்கின்றது, எங்கெங்கே செல்கின்றது, எங்கே மறைகின்றது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இதற்கான பாகுபாட்டை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. புணர்ச்சியில் நேரும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்துரைக்கின்றது நன்னூல். ஓர் உயிர்ப்பொருளின் வாழ்வை உரைக்கவும் இம்மூன்று சொற்கள் போதும்.

பெயர்

1882ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் ஜூலியோ பிட்சொசேரோ என்னும் அறிஞர், உயிருள்ள விலங்கின் மெல்லிய குருதிக் குழாய்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார். செவ்வணுவும் வெள்ளணுவும் அல்லாத மூன்றாவது துகள் ஒன்று குருதியில் மிதப்பதையும், குழாய்ச் சுவரில் ஊறு நேர்ந்தவுடன் அத்துகள்கள் அவ்விடத்தே விரைந்து ஒட்டிக்கொள்வதையும் கண்டார். அவருக்கு முன்னரும் சிலர் அத்துகள்களைக் கண்டதுண்டு. அவை செய்யும் தொழிலைக் கண்டவர் அவரே. சிறிய தட்டு என்னும் பொருள்பட அவர் தம் மொழியில் அதற்குப் பெயரிட்டார்.

அப்பெயரின் பொருளைத் தழுவியே தமிழிலும் இரத்தத் தட்டு, குருதித்தட்டு, தட்டணு என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் தட்டணு என்பதே செய்தித்தாள்களில் மிகுதியாக நிலைபெற்றுள்ளது. உயிரணுவுக்குரிய உட்கரு இதற்கு இல்லாமையால் 'அணு' என்பது பொருந்துமா எனக் கேட்பார் உளர். அவ்வினா முறையானதே. ஆயினும் மக்கள் நாவில் ஏறிவிட்ட சொல்லை மாற்றுவதினும், அச்சொல்லுக்குள் சரியான பொருளை நிரப்புவதே பயன் தரும்.

தோன்றல்

எலும்பின் உள்ளீடான மஞ்சையில் பேருருவம் கொண்ட அணுக்கள் சில உள்ளன. மெகாகேரியோசைட் என்பது அவற்றின் அறிவியற் பெயர். பிற அணுக்கள் பிளந்து இரண்டாகப் பெருக, இவை மட்டும் பிளவாமல் தம் உட்கருவைப் பலமடங்காக்கிப் பருக்கின்றன. பருத்தபின் நீண்ட இழைகளை மஞ்சையின் குருதிக் குழாய்களுக்குள் நீட்டுகின்றன. ஓடும் குருதியின் விசையில் அவ்விழைகள் சிறுசிறு துண்டுகளாக முறிகின்றன. அத்துண்டுகளே தட்டணுக்கள். இவை மெகாகேரியோசைட்டிலிருந்து பிறப்பவை என்பதை 1906இல் முதன்முதல் எடுத்துரைத்தவர் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட்.

ஒரு பேரணு ஆயிரம் முதல் மூவாயிரம் வரை தட்டணுக்களை உதிர்க்கும். நலமுள்ள ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி தட்டணுக்கள் பிறக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. உடல் முழுவதும் ஓடும் குருதிக்கு இதனைக் கணக்கிட்டால் தொகை ஒரு லட்சம் கோடி அளவில் வரும். ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே.

மஞ்சை ஒன்றே பிறப்பிடம் என்னும் கருத்தும் அண்மையில் விரிவடைந்துள்ளது. 2017இல் கலிபோர்னியாவில் எலிகளின் நுரையீரலை உயிரோடு நுண்ணோக்கியில் கண்ட ஆய்வாளர்கள், மஞ்சையிலிருந்து வந்த பேரணுக்கள் அங்கே தங்கித் தட்டணுக்களை உதிர்ப்பதைப் பதிவு செய்தனர். மூச்சுக்கும் குருதிக்கும் உள்ள உறவு பிராணவாயுவோடு முடிந்துவிடவில்லை என்பதை அந்த ஆய்வு காட்டிற்று.

திரிதல்

திரிதல் என்பது இலக்கணத்தில் உருமாறுதலைக் குறிக்கும். உலக வழக்கில் அலைதலைக் குறிக்கும். தட்டணுவுக்கு இரு பொருளும் பொருந்தும்.

முதலில் உருமாறுதல். ஓட்டத்தில் இருக்கும்போது தட்டணு வழவழப்பான தட்டாக இருக்கும். குழாயின் உட்சுவர் கிழிந்து அடித்தளத்து நார்கள் வெளிப்பட்டவுடன் அது அந்நாரில் ஒட்டும். முள்ளும் காலும் நீட்டி வடிவம் மாறும். தன்னுள் அடக்கிய வேதிப்பொருள்களைச் சிந்திப் பிற தட்டணுக்களை அழைக்கும். அழைக்கப்பட்டவை ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பாகும். அப்பிணைப்புக்கு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் தனியான ஏற்பிகள் உண்டு. பைப்ரினோஜன் என்னும் புரதம் அவற்றில் பொருந்தி இரண்டையும் சேர்க்கும். மாங்காய்ப் பூட்டுச் செய்யும் திண்டுக்கல் கம்மியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உரிய சாவி உரிய துளையில் நுழைந்தாலன்றிப் பூட்டு இயங்காது. அந்த ஏற்பியே பிறவியில் இல்லாதவர்களும் உளர். 1918இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்த நோய் அது. தட்டணுக்களின் எண்ணிக்கை குறையாது. ஆயினும் குருதி நிற்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது தோன்றும் நோயாதலால், உறவுக்குள் மணம் முடிக்கும் குடிகளில் இது கூடுதலாகக் காணப்படும். தமிழகத்து மணமுறைகளை அறிந்தோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி அலைதல். லட்சம் கோடித் துகள்களுள் ஒரு சிலவற்றின் வழியை மட்டும் எவ்வாறு பின்தொடர்வது? அய்யலூர்ச் சந்தைக்குப் பல ஊர் ஆடுகள் வந்து கலக்கும்போது, தம் ஆட்டை அறிய முதுகில் சாயம் பூசிவிடுவது ஆயர் வழக்கம். அறிவியலாரும் அதையே செய்தனர். பூசியது சாயம் அன்று, கதிரியக்கத் தனிமம்.

1958இல் ஆஸ், கார்ட்னர் என்னும் இருவர், குரோமியம்-51 என்னும் கதிரியக்கப் பொருளைத் தட்டணுவில் ஏற்றி, அதனை மீண்டும் உடலிற் செலுத்தி, எத்தனை நாள் குருதியில் தங்குகின்றது என அளந்தனர். நலமுள்ளவர் உடலில் தட்டணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 8 முதல் 10 நாள் என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. குரோமியத்தில் ஒரு குறை இருந்தது. அது வெளியிடும் கதிர் மிகக் குறைவு. ஆதலால் நிறையக் குருதி எடுக்க வேண்டியிருந்தது. படமும் தெளிவாக விழவில்லை. 1976இல் தாக்கூர் என்னும் அறிவியலாரும் அவருடன் உழைத்தோரும் இண்டியம்-111 என்னும் தனிமத்தைத் தட்டணுவில் ஏற்றும் முறையை வெளியிட்டனர். 2.8 நாளில் பாதியாகக் குறையும் கதிரியக்கம் உடையது இண்டியம்-111. அதன் கதிரைக் காமாக் கேமரா எளிதிற் பிடிக்கும். ஒருவரிடமிருந்து சிறிதளவு குருதியை எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைப் பிரித்து, இண்டியம் ஏற்றி, அவருக்கே திருப்பிச் செலுத்துவர். பின்னர் சில நாள்கள் தொடர்ந்து மண்ணீரலின் மேலும் கல்லீரலின் மேலும் கேமராவை நிறுத்திப் பார்ப்பர். உடலைக் கீறாமலே உள்வழியை அறியும் முறை இது.

கேமரா காட்டிய முதல் வியப்பு மண்ணீரலைப் பற்றியது. செலுத்திய தட்டணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறிது நேரத்திலேயே குருதியோட்டத்திலிருந்து காணாமற் போனது. அவை அழியவில்லை. மண்ணீரலிற் சென்று தங்கியிருந்தன. ரிச்சர்டு ஆஸ்டர் 1966இல் இதனை விளக்கமாக நிறுவினார். அட்ரினலின் செலுத்தியவுடன் மண்ணீரல் தான் வைத்திருந்ததை வெளியே விட்டுவிடுவதையும், குருதியில் எண்ணிக்கை ஏறுவதையும் அவர் காட்டினார்.

திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு இது புதிய காட்சி அன்று. வாய்க்கால் வழியே குளத்திற்கு வரும் நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. மடை வழியே வயலுக்குச் செல்லும். வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை குளத்தின் மட்டம் மாறுவதில்லை. மண்ணீரலும் அத்தகைய குளமே. ஒரு தட்டணு அதற்குள் நுழைந்து ஏறத்தாழ 10 நிமிடம் தங்கி மீண்டும் ஓட்டத்திற் சேர்கின்றது.

குளம் பெருத்துவிட்டால் நிலை மாறும். கல்லீரல் இறுகிப்போன நோயாளியின் மண்ணீரல் வீங்குகின்றது. உடலிலுள்ள தட்டணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை அதற்குள் ஒதுங்கக்கூடும். கையிலிருந்து எடுத்த குருதியில் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். உடலிலுள்ள மொத்தத் தொகை அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. வயலில் நீரில்லை என்பதால் ஊரில் நீரில்லை என்று முடிவு கட்டலாகாது.

கெடுதல்

தட்டணுவின் முடிவு தற்செயலானது அன்று. 2007இல் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள், தட்டணுவுக்குள் ஒரு புரதம் நாழிகை வட்டில்போல் இயங்குவதைக் கண்டனர். காக்கும் புரதம் நாளுக்கு நாள் தேய, அழிக்கும் புரதம் ஒரு கட்டத்தில் மேலோங்கி வாழ்நாளை முடிக்கின்றது. உட்கரு இன்மையால் தேய்ந்த புரதத்தைப் புதிதாகப் போதுமான அளவு ஆக்கிக்கொள்ளத் தட்டணுவால் இயலாது. ஒரே ஓர் ஆஸ்பிரின் மாத்திரை அன்றைய தட்டணுக்களின் ஆற்றலை அவற்றின் வாழ்நாள் முழுமைக்கும் குறைத்துவிடுவதற்கும் இதுவே காரணம். காய்ச்சலின் காரணம் தெரியாதபோது ஆஸ்பிரின் தரலாகாது என்று மருத்துவர் எச்சரிப்பதன் அடிப்படை இங்கே இருக்கின்றது.

முதிர்ந்த தட்டணுக்களை மண்ணீரல், கல்லீரல், மஞ்சை ஆகியவற்றிலுள்ள விழுங்கணுக்கள் அகற்றுகின்றன. கல்லீரல் எவ்வாறு முதியதை அறிகின்றது? தட்டணுவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. அவற்றின் நுனியில் சயாலிக் அமிலம் தொப்பிபோல் அமர்ந்திருக்கும். நாள் செல்லச் செல்லத் தொப்பி உதிரும். தொப்பி உதிர்ந்ததைக் கல்லீரல் அணுக்களின் தனி ஏற்பி ஒன்று பற்றி விழுங்கும்.

2015இல் வெளிவந்த செய்தி இதனினும் வியப்புடையது. முதிய தட்டணுவைப் பற்றும் அந்தச் செயலே, திராம்போபாய்ட்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாக ஆக்குமாறு கல்லீரலைத் தூண்டுகின்றது. அந்நீர் மஞ்சைக்குச் சென்று புதிய தட்டணுக்களைப் பிறப்பிக்கின்றது. கெடுதலே தோன்றலுக்கு வித்தாகின்றது. இலக்கணம் வரிசையாக நிறுத்திய மூன்றையும் உடல் வட்டமாக வளைத்து வைத்திருக்கின்றது.

குருதி வங்கியின் ஒரு வழக்கமும் இங்கே விளங்கும். செவ்வணுக்களைக் குளிர்பெட்டியில் வைப்பர். தட்டணுக்களையோ 20 முதல் 24 பாகை வெப்பத்தில், ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டில் வைப்பர். பொதுவாக 5 நாளுக்கு மேல் வைப்பதில்லை. குளிரூட்டிய தட்டணுக்கள் உடலிற் செலுத்தியதும் விரைவில் மறைந்துவிடுவதை 1969இல் மர்பி, கார்ட்னர் இருவரும் காட்டினர். குளிர் அவற்றின் மேற்பரப்பை மாற்றிவிடுவதால் கல்லீரல் அவற்றைப் பற்றிக்கொள்கின்றது என்பது 2003இல் தெளிவாயிற்று.

இயல்பான முடிவு இவ்வாறிருக்க, காலத்திற்கு முந்திய அழிவும் உண்டு. உடல் தன் தட்டணுவையே அயலெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும் நோய் ஒன்று உளது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணு மண்ணீரல் வழியே செல்லும்போது விழுங்கப்படுகின்றது. தோலில் செம்புள்ளிகள் தோன்றும். ஈற்றில் குருதி கசியும். 1916இல் பிராக் நகரில் மருத்துவ மாணவராயிருந்த பால் கஸ்நெல்சன், மண்ணீரலே அழிவிடம் என ஊகித்து, நோயுற்ற ஒரு பெண்ணின் மண்ணீரலை அகற்றுமாறு தம் பேராசிரியரை வேண்டினார். அகற்றியபின் தட்டணு எண்ணிக்கை விரைந்து ஏறியது. கதிரியக்கமும் கேமராவும் இல்லாத காலத்தில், ஓடிய இடத்தையும் ஒழிந்த இடத்தையும் ஒரு மாணவர் அறிவால் மட்டுமே கண்டார்.

1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், அந்நோயுற்ற ஒருவரின் குருதியைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். நலமாயிருந்த அவருடைய தட்டணு எண்ணிக்கை சில மணி நேரத்தில் அச்சந்தரும் அளவுக்குத் தாழ்ந்தது. நாள்கள் சில கழிந்தே அவர் மீண்டார். அழிவுக்குக் காரணம் குருதிநீரில் இருக்கின்றது என்பது அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. தன்னுடலையே சான்றாக்கிய அத்துணிவைப் பின்பற்ற வேண்டுவதில்லை, மறக்கவும் கூடாது.

மண்ணீரலை அகற்றுமுன், அழிவு அங்கேதான் நிகழ்கின்றதா, கல்லீரலில் நிகழ்கின்றதா என்பதை அறிய இண்டியம் முறையை ஐரோப்பிய மருத்துவமனைகள் சில பயன்படுத்தின. மஞ்சையைத் தூண்டும் மருந்துகள் 2008 முதல் புழக்கத்திற்கு வந்தபின் அறுவைக்குச் செல்வோர் குறைந்தனர். ஆயினும் கேமரா கேட்ட கேள்வி பழுதாகவில்லை. 'எத்தனை?' என்று மட்டும் கேளாமல் 'எங்கே?' என்றும் கேட்கக் கற்றுத் தந்தது அது.

குறைந்தது என்னும் சொல்

'தட்டணு குறைந்துவிட்டது' என்பது இன்று ஊரார் பேசும் தொடர். இந்த ஒரு தொடருக்குள் பல பொருள்கள் ஒளிந்துள்ளன. மஞ்சை சோர்ந்ததால் பிறவாமை ஒன்று. மண்ணீரல் பெருத்ததால் ஒதுங்கியிருத்தல் மற்றொன்று. எதிர்ப்பொருளாலோ நோய்க்கிருமியாலோ முந்தி அழிதல் வேறொன்று. நான்காவதாக, எண்ணும் கருவியின் மயக்கமும் உண்டு. சிலருடைய குருதி, உறையாமல் இருக்கக் குப்பியில் சேர்க்கும் வேதிப்பொருளால் தட்டணுக்கள் கூடித் திரள, கருவிக்குக் குறைவாகத் தோன்றும்.

தமிழகத்திலேயே கண்டறியப்பட்ட சான்று ஒன்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் அறிஞர்கள், அங்கே குருதிக்கொடை அளிக்க வந்தோரை ஆராய்ந்தபோது, மேற்கு வங்கம் முதலிய கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து வந்த பலரிடம் தட்டணுக்கள் எண்ணிக்கையிற் குறைவாகவும் உருவில் பெரியனவாகவும் இருப்பதைக் கண்டனர். அவர்க்குக் குருதிக்கசிவு இல்லை, நோயும் இல்லை. 2002இல் முதற்கட்டுரை வெளிவந்தது. பின்னர் ஹாரிஸ் நிலை என்னும் பெயர் வழங்கலாயிற்று. குறைவு வேறு, நோய் வேறு என்பதை வேலூர் உலகிற்கு உரைத்தது எனலாம்.

திண்டுக்கல் சமவெளியில்

இவற்றையெல்லாம் இம்மண்ணோடு இணைப்பது டெங்குக் காய்ச்சல். தமிழகத்தில் 2012ஆம் ஆண்டில் 12,000க்கு மேற்பட்டோரும், 2017ஆம் ஆண்டில் 23,000க்கு மேற்பட்டோரும் டெங்குவால் தாக்குண்டதாக அரசுக் கணக்குகள் பதிவு செய்தன. ஒவ்வோராண்டிலும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 'தட்டணு' என்னும் சொல் படித்தவர், படியாதவர் எல்லார் நாவிலும் ஏறியது அக்காலத்தில்தான்.

ஆத்தூர்க் காமராசர் அணையின் நீரை நம்பி வளர்ந்த நகரம் திண்டுக்கல். மழை பொய்த்து, குழாய்நீர் பல நாளுக்கு ஒருமுறை வந்த காலங்களில், குடமும் அண்டாவும் நெகிழிப் பீப்பாயும் தரைத்தொட்டியும் நிரப்பி வைப்பது ஒவ்வொரு வீட்டின் கடமையாயிற்று. வறட்சி கற்பித்த சிக்கனம் அது. தெளிந்த அந்நீரே ஏடிஸ் கொசுவுக்கு மகப்பேற்று மனை. தொட்டியின் ஓரத்தில் அது இடும் முட்டை நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரியும். பகலில் கடிக்கும் கொசு இது. மூடியிடாத நீரும், வடகிழக்குப் பருவமழை நிரப்பிய பழைய டயரும் கொட்டாங்கச்சியும் சேர்ந்தால் காய்ச்சல் தெருவுக்குள் வந்துவிடும்.

டெங்குவில் தட்டணு குறைவதற்கு இரு வழிகள் உண்டு. தொடக்கத்தில் நுண்கிருமி மஞ்சையைத் தளர்த்துகின்றது. பின்னர் ஓட்டத்திலுள்ள தட்டணுக்கள் விரைந்து அழிகின்றன. 1977இல் தாய்லாந்து மருத்துவர்கள் குரோமியம் ஏற்றிய தட்டணுக்களைக் கடுமையான டெங்கு நோயாளரிடம் பின்தொடர்ந்தபோது, நாள்கணக்கில் வாழ வேண்டியவை மணிக்கணக்கில் மறைவதைக் கண்டனர். மறையும் இடம் பெரும்பாலும் கல்லீரல்.

செலுத்திய தட்டணுக்கள் நெடுநேரம் நிலையாமைக்குக் காரணம் இதுவே. அழிக்கும் பொறி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கையில் வெளியிலிருந்து ஊற்றுவது, மடை திறந்திருக்கும் குளத்தில் குடத்தால் நீர் மொண்டு ஊற்றுவதை ஒக்கும். குருதிக்கசிவு இல்லாத, ஆனால் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய டெங்கு நோயாளரை வைத்துச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதால் கசிவு தடுக்கப்படவில்லை. ஏற்றியவரிடமே பக்கவிளைவுகள் மிகுந்தன. 2017இல் வெளிவந்த முடிவு இது. கசிவு மிகுந்தவர்க்குத் தட்டணு தேவைப்படலாம். அதனை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு.

டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று. நுண்குழாய்கள் கசிந்து குருதியின் நீர்ப்பகுதி வெளியேறுவதும், அதனால் குருதியழுத்தம் வீழ்வதுமே பெருங்கேடு. அக்கேடு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நாளில், நோய் கண்ட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்கும். ஓரிரு நாள் நீடிக்கும். காய்ச்சல் விட்டது என வீடு மகிழும் நாளே விழித்திருக்க வேண்டிய நாள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈற்றிலோ மூக்கிலோ குருதி, சோர்வு அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. தட்டணு விரைந்து இறங்குவதும், அதே வேளையில் குருதியில் செவ்வணுக்களின் செறிவு ஏறுவதும் எச்சரிக்கை மணி. மணியோசையை அடக்கினால் தீ அணைந்துவிடாது. அளவறிந்து செலுத்தும் நீரும் இடையறாத கண்காணிப்புமே இங்கு முதன்மையான மருத்துவம்.

கைச்சீட்டில் அச்சான ஓர் எண்ணைப் பார்த்தவுடன், நல்ல நிலையிலிருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குத் தட்டணு தேடி ஓடும் பெற்றோர் உண்டு. எண் ஏறிவிட்டது என்று நம்பி, வாந்தியும் வயிற்றுவலியும் உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வோரும் உண்டு. நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச்சாற்றையும் தந்துவிட்டு அமைந்திருப்போரும் உண்டு. பப்பாளி இலைச்சாறு எண்ணிக்கையைச் சற்று உயர்த்தியதாகச் சிற்சில ஆய்வுகள் கூறினும், நீர்க்கசிவை நிறுத்தி உயிரிழப்பைத் தடுத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. எண்ணை மட்டும் நோக்குவோர், எண் ஏறியதும் ஏமாறுவர். எண் இறங்கியதும் நடுங்குவர். இரண்டுமே உயிருக்கு ஊறு செய்யும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இங்கேதான் இலக்கிய வட்டத்தின் கடமை தொடங்குகின்றது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராயுமாறு பணிக்கின்றது. எண் என்பது நோயும் அன்று, நோய்முதலும் அன்று, குறி மட்டுமே. குறியையே பொருளாகக் கொள்வது எத்தகைய பிழை என்பதை, சொல்லையும் பொருளையும் வாழ்நாளெல்லாம் ஆராயும் கவிஞரினும் நன்கறிந்தார் யாவர்?

பிறவாமை, ஒதுங்கல், அழிதல் என்னும் மூன்று எளிய தமிழ்ச் சொற்கள் மக்களிடம் சென்று சேருமாயின், 'குறைந்தது' என்னும் ஒற்றைச் சொல் தரும் நடுக்கம் தணியும். 'எத்தனை?' என்று கேட்கும் தாய், 'ஏன் குறைந்தது? பிள்ளைக்குச் சிறுநீர் போகின்றதா? வயிறு வலிக்கின்றதா?' என்றும் கேட்பாள். காய்ச்சற் காலத்தில் ஊராட்சிகள் ஒட்டும் சுவரொட்டியும் பள்ளிகளில் படிக்கும் உறுதிமொழியும் நல்ல தமிழில், பாட்டாக, கும்மியாக, விடுகதையாக அமையலாம். நீர்த்தொட்டியை மூடச் சொல்லும் நாலடிப் பாட்டு ஒன்று, நிலக்கோட்டைப் பூக்காட்டிலும் ஒட்டன்சத்திரம் சந்தையிலும் வேடசந்தூர் ஆலைகளிலும் உழைப்போர் நாவில் ஏறுமாயின், அது எந்தக் கவியரங்கப் பாடலுக்கும் தாழ்ந்தது ஆகாது. காய்ச்சல் தணியும் நாளே காவலிருக்கும் நாள் என்னும் ஒரு கருத்தை ஓசை நயத்தோடு சொல்லிவிட்டால், அந்த ஓசை ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

தட்டணு தனித்து நின்றால் எதையும் அடைக்க வல்லது அன்று. வாழ்நாள் பத்து நாளே. தானும் ஒட்டி, பிறவற்றையும் அழைத்து, கூடி நின்று குருதியைக் காக்கின்றது. முதிர்ந்து மறையும்போதும் அடுத்த தலைமுறை பிறக்கும் குறிப்பை விட்டுச் செல்கின்றது. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டமும், மூத்தோர் இளையோரை அழைக்க, இளையோர் மூத்தோர் விட்ட இடத்தில் தொடர, இம்மண்ணின் புண்களைத் தமிழால் மூடும் பணியில் நூறாண்டு நிலைபெறுக என்னும் வாழ்த்தோடு இவ்வுரை நிறைவுறுகின்றது.